காலையில் சரி, மதியம் கோளாறு: மண்டபம் கரையில் ரெஸ்பான்ஸ் டிரிக்கரை வழிக்குக் கொண்டுவருவது

கேள்வி இதுதான்: மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பில் பெயிண்ட்பால் களம் நடத்துகிறார் ஒரு தம்பி. கையில் பத்து டிப்மன் 98 கஸ்டம் மார்க்கர்கள், அதாவது பெயிண்ட் குண்டு சுடும் துப்பாக்கிகள். அவற்றில் நான்கில், சுட்டதும் கேஸ் அழுத்தத்தால் தானே முன்னால் திரும்பும் ரெஸ்பான்ஸ் டிரிக்கர் பூட்டியிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு டேங்கில்தான் ஓட்டுகிறார். காலை ஏழு மணிக்குத் திருகிச் சரிசெய்தால் அருமையாக வேலை செய்கிறது. பதினோரு மணிக்கு மேல் ஒரு இழுப்புக்கு மூன்று குண்டு போகிறது. சாயங்காலம் டிரிக்கர் திரும்பவே மாட்டேன் என்கிறது. "ஸ்க்ரூவை எத்தனை சுற்றில் வைக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, சுற்றுக் கணக்கு இதில் உதவாது. ஒரே நாளில் வாங்கிய இரண்டு மார்க்கருக்குக்கூட ஒரே கணக்கு பொருந்தாது. டிரிக்கருக்குப் போகும் கேஸைக் கட்டுப்படுத்தும் அந்தச் சின்ன ஸ்க்ரூ கடைசியாகத் தொட வேண்டியது. அதற்கு முன்னால் கேஸ், சீல், ஸ்பிரிங், குண்டு இறங்கும் வேகம் ஆகிய நான்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். நிலையில்லாத மார்க்கரில் ஸ்க்ரூவைத் திருகுவது, ஆடிக்கொண்டிருக்கிற வள்ளத்தில் தராசு பிடிப்பது மாதிரி.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அது புரிந்தால் பாதிக் கோளாறைக் காதால் கேட்டே சொல்லிவிடலாம்.

டிரிக்கரை இழுத்ததும் சியர் என்கிற கொக்கி பின் போல்ட்டை விடுகிறது. பெரிய ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளுகிறது. அது ஒரு கம்பிமூலம் முன் போல்ட்டையும் தள்ளிக் குண்டைக் குழலுக்குள் ஏற்றுகிறது, கடைசியில் வால்வை அடிக்கிறது. வால்வு திறந்ததும் கேஸ் இரண்டு பக்கம் பிரிகிறது. முன்னால் போவது குண்டைத் தள்ளும். பின்னால் வருவது பின் போல்ட்டைத் திரும்பத் தள்ளி, சியரில் மாட்டவைக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விரல் இன்னும் டிரிக்கரை இழுத்தபடியே இருந்தாலும் சியர் டிரிக்கரிலிருந்து நழுவிக்கொண்டு போல்ட்டைப் பிடித்துவிடும். அதனால்தான் ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. அடுத்த குண்டு போக வேண்டுமென்றால் டிரிக்கர் முன்னால் வந்து சியரை மறுபடி பற்ற வேண்டும்.

சாதாரண மார்க்கரில் அந்த முன்னால் வருகிற வேலையை விரல் விட்டுக்கொடுப்பதும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் செய்கின்றன. ரெஸ்பான்ஸ் டிரிக்கரில் அதே வேலையைக் கேஸ் செய்கிறது. வால்வு திறக்கிற அந்த நொடியில், கேஸை முன்னால் கொண்டுபோகும் பவர் ட்யூப் பக்கமிருந்து ஒரு சிறு பங்கு கேஸ் மெல்லிய குழாய் வழியாகப் பிடிக்குள் இருக்கும் சின்ன சிலிண்டருக்குப் போகிறது. சிலிண்டரின் பிஸ்டன் டிரிக்கரை முன்னால் குத்தித் தள்ளுகிறது. கேஸ் வந்த வழியே இறங்கியதும் பிஸ்டன் தளர்கிறது, விரலின் அழுத்தம் டிரிக்கரை மறுபடி பின்னால் கொண்டுபோகிறது, அடுத்த குண்டு போகிறது. குழாயின் நடுவில் உள்ள ஊசி ஸ்க்ரூ எவ்வளவு கேஸ் போகலாம் என்பதை மட்டும்தான் தீர்மானிக்கிறது. வலப்பக்கம் திருகினால் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும்.

இதிலிருந்து மூன்று விஷயம் தானாகத் தெரிய வரும். ரெஸ்பான்ஸ் குழாயில் சுடும்போது மட்டும்தான் அழுத்தம் இருக்கும். அதனால் மார்க்கர் சும்மா இருக்கும்போது "உஸ்" என்று சீறினால் அது இந்தக் குழாயின் குற்றம் அல்ல. குழல் வாய் வழியாகச் சீறினால் வால்வு சீல், டேங்க் திருகுகிற இடத்தில் சீறினால் டேங்க் ஓ-ரிங் என்கிற வளைய சீல். இரண்டாவது, குண்டைத் தள்ளும் கேஸும் டிரிக்கரைத் தள்ளும் கேஸும் ஒரே வெடிப்பிலிருந்து வருபவை. வேகத்தை மாற்றினால் டிரிக்கரின் குணமும் மாறும். ஆகவே வேகம்தான் முதலில், டிரிக்கர் பிறகு. மூன்றாவது, டேங்கின் அழுத்தம் மாறினால் எல்லாமே மாறும். உங்கள் காலை, மதிய, மாலைக் கோளாறின் வேர் இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு டேங்குக்குள் திரவமாக இருக்கிறது. அதன் மேல் நிற்கும் ஆவியின் அழுத்தத்தை வெப்பம்தான் முடிவு செய்கிறது. 20 டிகிரியில் ஏறத்தாழ 830 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). 25 டிகிரியில் 930. 30 டிகிரியில் 1045. 31.1 டிகிரியைத் தாண்டினால் திரவம், ஆவி என்ற வித்தியாசமே அற்றுப்போகிறது. அதற்கு மேல் அழுத்தம் எவ்வளவு என்பது டேங்கில் எவ்வளவு நிரப்பியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, நிறைய நிரப்பிய டேங்கில் அது சட்டென்று ஏறும். நம் கரையில் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 35 டிகிரியைத் தொடுகிறது. வெயிலில் மணல்மேல் போட்ட டேங்கின் நிலையைச் சொல்லவே வேண்டாம். குளிர்நாட்டில் எழுதிய கையேடு காலை, மதிய வித்தியாசத்தைப் பெரிதாகப் பேசாமல் விடலாம். மண்டபத்தில் அதைப் பேசாமல் விட முடியாது.

காலை 25 டிகிரியில் 930 பிஎஸ்ஐக்குத் திருகி வைத்த ஊசி, மதியம் 1100, 1200 என்று வரும் அழுத்தத்துக்கு மிகவும் திறந்த ஊசி ஆகிவிடுகிறது. பிஸ்டன் டிரிக்கரை அளவுக்கு மீறிக் குத்துகிறது, விரல் தானாகத் துள்ளுகிறது, ஒரு இழுப்பு என்று நினைத்தது மூன்றாகிறது. இதில் டிரிக்கரைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. குண்டின் வேகமும் கூடவே ஏறியிருக்கும். சுமார் 3 கிராம் எடையும் 0.68 அங்குல விட்டமும் உள்ள குண்டு வினாடிக்கு 280 அடியில் போனால் ஆற்றல் சுமார் 11 ஜூல். 330 அடியானால் 15 ஜூல். பெயிண்ட்பால் விதிகளும் முகமூடிகளின் எச்சரிக்கைக் குறிப்பும் 300 அடியையே எல்லையாக வைத்திருக்கின்றன. காலையில் 285 என்று பார்த்து விட்ட மார்க்கர் மதியம் அந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம். டிரிக்கர் துள்ளுகிறது என்றால் முதலில் குரோனோவில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வேகம் பாருங்கள், ஸ்க்ரூவை அப்புறம் தொடுங்கள்.

சாயங்காலம் நடப்பது இதற்கு நேர்மாறு. தொடர்ந்து சுடும்போது திரவம் ஆவியாக வெப்பத்தை உறிஞ்சுகிறது, டேங்க் சில்லிட்டுப் போகிறது, வெளிப்பக்கம் வேர்த்து நிற்கும். அழுத்தம் இறங்குகிறது. டேங்கும் தீர்ந்துகொண்டிருக்கும். அதோடு பகல் முழுக்கப் பறந்த மணலும் உப்பும் சின்ன சிலிண்டருக்குள் போயிருக்கும். மூன்றும் சேர்ந்து பிஸ்டனைப் படுக்க வைத்துவிடுகின்றன.

இனி ஒரு முக்கியமான பிரிவினை. "ஒரு இழுப்புக்குப் பல குண்டு" என்பதற்கு இரண்டு வேறு வேறு காரணங்கள் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சோதனை எளிது. ஊசி ஸ்க்ரூவை வலப்பக்கம் மெதுவாக, அது உட்காரும்வரை மட்டும் மூடுங்கள். அழுத்தி இறுக்கினால் ஊசி முனை நசுங்கும், பிறகு ஒருநாளும் நுட்பமாகத் திருகவே முடியாது. மூடியபின் பத்துக் குண்டு சுடுங்கள். துள்ளல் நின்றுவிட்டால் குற்றம் ரெஸ்பான்ஸ் பக்கம். மூடியபிறகும் "டுர்ர்ர்" என்று தானாக ஓடினால் ரெஸ்பான்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பின் போல்ட் முழுதாகப் பின்னால் வராமல், சியரில் மாட்டாமல், திரும்பத் திரும்ப வால்வை அடிக்கிறது. இதற்குக் காரணங்கள்: டேங்க் தீரும் தறுவாய், பின் போல்ட்டின் ஓ-ரிங் காய்ந்தோ வெட்டுப்பட்டோ இருப்பது, சியரின் முனை மழுங்கியது, சியர் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்தது. பலர் இந்த இரண்டாவது வகையை ரெஸ்பான்ஸ் கோளாறு என்று நினைத்து ஊசியைத் திருகித் திருகி வீணாக்குகிறார்கள். அப்படி ஓடும் மார்க்கரை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. குழலைக் கீழே காட்டி, டேங்கைக் கழற்றி, ஓரமாக வைத்துவிடுங்கள்.

அடுத்தது கேஸ். உங்கள் இடத்தில் நான்கு மார்க்கரை நிலையாக வைக்க ஒரே நல்ல வழி, அந்த நான்கையும் அழுத்தக் காற்றுக்கு மாற்றுவது. காற்று டேங்கின் தலையில் ரெகுலேட்டர் உண்டு. உள்ளே 3000 பிஎஸ்ஐ இருந்தாலும் 1000 இருந்தாலும் வெளியே 800 அல்லது 850தான் வரும். வெயில் ஏறினாலும் மார்க்கருக்குப் போகும் அழுத்தம் பெரிதாக அசையாது. காலையில் வைத்த ஊசி மாலையிலும் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கும். வாங்கும்போது வெளி அழுத்தம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 450 பிஎஸ்ஐ தரும் டேங்குகளும் விற்கின்றன, அவை இந்த மார்க்கருக்குப் போதாது, போல்ட் சரியாகத் திரும்பாது.

காற்றுக்கு எங்கே போவது? ஸ்கூபா ஆட்களிடம் இருக்கும் கம்ப்ரசர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்புகிறது. 3000 பிஎஸ்ஐ என்பது சுமார் 207 பார், ஆக நமக்கு அது போதும். டயர் கடைக் கம்ப்ரசரும், படகில் வைத்துக் குழாய்வழியே காற்று அனுப்பும் கம்ப்ரசரும் பத்துப் பார் அளவிலேயே நின்றுவிடும், அவற்றால் பயனில்லை. 12 லிட்டர் ஸ்கூபா சிலிண்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நிரப்பும் குழாய் வைத்து 48 கன அங்குல டேங்குகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு டேங்கிலும் 60 பார் மிச்சம் இருக்கும்போது நிரப்பினால் முதல் டேங்குக்கு 191 பார் கிடைக்கும், இரண்டாவதுக்கு 183, மூன்றாவதுக்கு 176, நான்காவதுக்கு 169. 3000 பிஎஸ்ஐ நிரம்பிய டேங்கில் 400 முதல் 500 குண்டு வரை போகும். எனவே கடைசியில் நிரப்பும் டேங்குக்கு அதற்கேற்பக் குறைவாக எதிர்பாருங்கள். நிரப்பும்போது அவசரம் வேண்டாம், வால்வை மெல்லத் திறங்கள். விறுவிறுவென்று நிரப்பினால் டேங்க் சூடேறும், ஆறியதும் அழுத்தம் இறங்கி ஏமாற்றும். ரெகுலேட்டர் 58 பார் வெளிவிடுகிறது என்றால், டேங்க் அதற்குக் கீழே வந்ததும் வேகமும் டிரிக்கரும் சேர்ந்து தொங்கும். 70 பாரில் டேங்கை மாற்றிவிடுவது நல்ல வழக்கம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் சிலிண்டர் கிடைக்கிறதே, அதுவும் காற்றுத்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் மார்க்கருக்குள் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் பற்றி வெடிக்கும். நைட்ரஜன் பரவாயில்லை, அது எரியாது, சரியான ரெகுலேட்டரும் நிரப்பும் குழாயும் இருந்தால் காற்றுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாம். அதே காரணத்துக்காக, காற்று டேங்கின் நிரப்பும் நிப்பிளில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடக் கூடாது. டேங்கின் கழுத்தில் அடித்திருக்கும் சோதனைத் தேதியையும் பாருங்கள், 5 ஆண்டுக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனை முடித்திருக்க வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு டேங்கின் அடிப்பாகம் ரப்பர் உறைக்குள்ளேயே துருவேறும். மாதம் ஒருமுறை உறையைக் கழற்றிப் பாருங்கள்.

காற்றுக்கு மாற இப்போது வசதி இல்லை என்றால் கார்பன் டை ஆக்சைடிலேயே கொஞ்சம் சமாளிக்கலாம். டேங்குகளை ஓலைக்கொட்டகை நிழலில், ஈரச் சாக்கு போர்த்தி வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சாக்கு விரைவில் காயும், அடிக்கடி நனைக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டேங்கை மாற்றிச் சுழற்றினால் எதுவும் ரொம்பச் சில்லிடாது. நிரப்புகிறவரிடம் எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். டேங்கில் எழுதியிருக்கும் அவுன்சுக்கு மேல் ஒரு அவுன்சும் ஏறக் கூடாது, நம் வெயிலுக்கு இரண்டு அவுன்ஸ் குறைவாகவே நிரப்புவது நல்லது. மார்க்கரைத் தலைகீழாகப் பிடித்துச் சுட்டால் திரவமே உள்ளே இறங்கி, சிலிண்டர் சீல் விறைத்து, டிரிக்கர் ஒருமுறை குத்தும், ஒருமுறை குத்தாது. படுத்துச் சுடும் ஆட்களின் மார்க்கரில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும்.

சீல்களைப் பார்ப்போம். டேங்க் ஓ-ரிங் 015 என்ற அளவு. மதுரையில் ஹைட்ராலிக் கடையில் மில்லிமீட்டரில் கேட்டால் 14 உள்விட்டம், 1.78 கனம். பாலியூரித்தேன், 90 கடினம் என்று சேர்த்துக் கேளுங்கள். படகு எஞ்சினுக்குப் போடும் கறுப்பு நைட்ரைல் ஓ-ரிங் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி ஊதிக் கொப்புளித்து, டேங்கைக் கழற்றும்போது பிய்ந்து வரும். எண்ணெய், பெயிண்ட்பால் மார்க்கருக்கென்று விற்பது மட்டும்தான். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, தையல் மெஷின் எண்ணெய், டீசல் எதுவும் ஆகாது, சீல் கெடும்.

ஆலன் கீ அங்குல அளவில் வேண்டும். இது சின்ன விஷயம்போலத் தெரியும். மில்லிமீட்டர் கீயை வைத்துச் சமாளித்தால் ஸ்க்ரூவின் அறுகோணம் உருண்டுவிடும், உப்பில் பிடித்துப்போன ஸ்க்ரூவாக இருந்தால் அதோடு முடிந்தது.

இந்தக் கரையில் மார்க்கரைக் கெடுப்பது உப்புதான், அதற்கு அடுத்தது மணல். தனுஷ்கோடிச் சாலையில் காற்று பலமாக வீசும் நாளில் மணல் தார்மேல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடி மணல்தான் பிடியின் இடுக்கு வழியாகச் சிலிண்டருக்குப் போகிறது. வாரம் ஒருமுறை, காற்று நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிடியைத் திறக்க வேண்டும். டேங்கைக் கழற்றி, மிச்சக் கேஸை இரண்டு முறை சுட்டு வெளியேற்றி, குண்டு எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்த பிறகுதான் திறப்பது. சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் அழுத்திப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் வழுக்கிப் போக வேண்டும். நற நற என்று இருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். அலசுவதற்குத் தோட்டத்துப் போர்த் தண்ணீர் வேண்டாம், பல இடத்தில் அதுவே உப்பு. காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காயவைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிஸ்டனைப் பத்துமுறை அசைத்துவிட்டுப் பூட்டுங்கள். ஒரு சொட்டுக்கு மேல் விட்டால் அதில் மணல் ஒட்டி அரைக்கும் மாவாகிவிடும்.

மெல்லிய குழாயை வாயால் ஊதிப் பாருங்கள், காற்று தாராளமாகப் போக வேண்டும். பிடியை மூடும்போது குழாய் நசுங்குவது ரொம்ப சாதாரணம். புதிதாகப் பூட்டியதில் டிரிக்கர் அசையவே இல்லை என்றால் நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் துணுக்கு ஒன்று பிய்ந்து ஊசித் துவாரத்தை அடைத்தால் கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். ஸ்க்ரூ புரியை ஒட்டிப் பிடிக்கும் திரவம், லேசான வகை, ஒரு பொட்டு போதும். கசிவு பார்க்க வேண்டுமென்றால் சோப்பு நுரை வைத்துச் சுட்டுக்கொண்டே பாருங்கள். சும்மா வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று முன்பே சொன்னேன்.

பெரிய ஸ்பிரிங், சியர், சியரின் அச்சாணி எல்லாம் இரும்பு. உடல் அலுமினியம். இரும்பு ஸ்க்ரூ அலுமினியத்தில் உப்பு ஈரத்தோடு இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவின் புரியில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், கேஸ் போகும் இடத்தில் படக் கூடாது. ஸ்பிரிங்கில் செம்புள்ளி தெரிந்தால் துடைத்து எண்ணெய்த் துணியால் ஒற்றுங்கள். குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதன் விலை ஒரு பெட்டிக் குண்டின் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

குண்டு இறங்கும் வேகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்க்கரின் மேல் இருக்கும் குண்டுப் பெட்டிதான் ஹாப்பர். சாதாரண சரிவு ஹாப்பரில் குண்டு தானாக விழுகிறது, வினாடிக்கு ஆறு, எட்டுக்கு மேல் நம்ப முடியாது. நன்றாகத் திருகிய ரெஸ்பான்ஸ் அதைத் தாண்டிவிடும். குண்டு பாதி இறங்கியிருக்கும்போதே முன் போல்ட் வந்து வெட்டினால் உள்ளே முழுக்கப் பெயிண்ட். ஆகவே பேட்டரியில் கிளறும் ஹாப்பரோ, கேஸில் சுழலும் சைக்ளோன் ஃபீடோ இல்லாத மார்க்கரில் ஊசியை முழு வேகத்துக்குத் திறக்க வேண்டாம். ஹாப்பர் தருகிற வேகத்துக்குள்ளேயே டிரிக்கர் நிற்க வேண்டும். குண்டுகளும் இங்கே சீக்கிரம் கெடும். அதன் தோல் ஜெலட்டின், காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், முட்டை வடிவாகும். உப்பிய குண்டு குழலில் இறுகி வேகத்தை ஏற்றும், அல்லது ஏறும்போதே உடையும். பையைத் திறந்தால் அன்றே தீர்த்துவிடுங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஊசி ஸ்க்ரூ. எல்லோரும் முகமூடி போட்டபிறகு தொடங்குங்கள். குண்டு இல்லாமல் வெறுமனே சுட்டுச் சரிசெய்யாதீர்கள். குழலில் குண்டு இல்லாவிட்டால் கேஸ் தடையில்லாமல் வெளியே ஓடும், பின்னழுத்தம் குறைவு, அதற்குத் திருகிய ஊசி குண்டு போட்டதும் அதிகமாகிவிடும்.

ஊசியை மூடி, குரோனோ முன்னால் பத்துக் குண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து வினாடி விட்டுச் சுடுங்கள். பத்தும் ஒன்றுக்கொன்று இருபது அடி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் சிதறினால் மார்க்கர் இன்னும் தயார் இல்லை, சீலுக்கும் குண்டுக்கும் திரும்பிப் போங்கள். வேக ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகினால் வேகம் குறையும், இடப்பக்கம் கூடும். சராசரி 260, 270 அடிக்குள் நிறுத்துங்கள். கார்பன் டை ஆக்சைடில் ஓட்டினால் இந்த வேலையைக் காலை ஏழு மணிக்குச் செய்யக் கூடாது. வெயில் ஏறிய பதினொன்றரை, பன்னிரண்டுக்குச் செய்யுங்கள். மதியத்துக்குச் சரியானது காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதில் ஆபத்தில்லை. காலைக்குச் சரியானது மதியத்தில் எல்லை மீறும்.

இப்போது ஊசியைக் கால் சுற்று இடப்பக்கம் திறங்கள். ஐந்து குண்டு. விரலில் லேசாக ஒரு தட்டல் தெரியும்வரை கால் கால் சுற்றாகப் போங்கள். தட்டல் தெரிந்ததும் கால் சுற்றை விட்டு அரைக்கால் சுற்றுக்கு மாறுங்கள். விரலை இறுக்கி இழுக்கக் கூடாது, தூண்டில் நரம்பில் மீன் தொடுவதற்குக் காத்திருக்கிற விரல்போல ஒரே சீராக, லேசாக அழுத்தி வைத்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் டிரிக்கர் விரலுக்குக் கீழே சீராகப் போய்வரத் தொடங்கும், சத்தம் ஒரே இடைவெளியில் வரும். அதுதான் இடம். அதையும் தாண்டித் திறந்தால் டிரிக்கர் விரலை முன்னால் தள்ளி நிறுத்திவிடும், பின்னால் இழுக்கவே பலம் வேண்டும், சத்தம் கொத்துக் கொத்தாக வரும். அப்போது அரைக்கால் சுற்று பின்வாங்குங்கள்.

கிடைத்த இடத்தில் மறுபடி பத்துக் குண்டு குரோனோவில் பாருங்கள். கொஞ்சம் கேஸ் டிரிக்கருக்குப் போவதால் வேகம் சில அடி இறங்கியிருக்கலாம். அதைச் சரிக்கட்ட வேகத்தை ஏற்றினால் ஊசியையும் மறுபடி பார்க்க வேண்டும், இப்படி இரண்டு முறை மாற்றி மாற்றிப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். பிறகு ஹாப்பர் நிறையக் குண்டு போட்டு நூறு குண்டு. ஒன்றும் உடையாமல், இடையில் துள்ளாமல் போனால் ஸ்க்ரூ தலையிலும் பக்கத்து உடலிலும் சேர்த்து நகப்பூச்சில் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள் என்று பார்த்ததும் தெரியும். அதிர்வில் தானாக நகர்ந்தாலும் தெரியும்.

சரிசெய்த பிறகு வரும் சில கோளாறுகள். முதல் இரண்டு மூன்று குண்டு சீராகப் போய், பிறகு நின்றுவிட்டால், விரல் அழுத்தம் கூடிவிட்டது, அல்லது டேங்க் சில்லிட்டுவிட்டது. டேங்கைத் தொட்டால் எது என்று தெரிந்துவிடும். ஒரே ஆளுக்கு வேலை செய்து இன்னொருவருக்குச் செய்யவில்லை என்றால் மார்க்கரில் குற்றமில்லை, இருவர் விரலின் கனம் வேறு. டிரிக்கர் முன்னால் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டால் பிஸ்டன் திரும்பவில்லை, சிலிண்டரில் மணல் அல்லது உப்பிய சீல். டிரிக்கர் பக்கவாட்டில் ஆடினால் அதன் அச்சாணி தேய்ந்திருக்கிறது, அந்த ஆட்டம் இருக்கும்வரை எந்த ஊசி அளவும் நிலைக்காது.

கடைசியாக, உங்கள் களத்துக்கு என் யோசனை. சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகளுக்கும் முதன்முறை விளையாடுகிறவர்களுக்கும் கொடுக்கும் மார்க்கரில் ரெஸ்பான்ஸ் ஊசியை மூடியே கொடுங்கள். மூடினால் அது சாதாரண மார்க்கர்தான், ஒன்றும் கெடாது. பயத்தில் விரலை இறுக்கும் புதிய ஆள் கையில் துள்ளும் டிரிக்கர் இருந்தால் பத்தடி தூரத்தில் நிற்கும் இன்னொருவர்மேல் நாலைந்து குண்டு போய்விடும், அவரே நினைத்தாலும் நிறுத்த முடியாது. நான்கு மார்க்கரையும் பழகிய ஆட்களுக்கென்று தனியாக வைத்து, பிடியில் சிவப்பு டேப் சுற்றி அடையாளம் போடுங்கள். ஒவ்வொரு நாளும் மதியம் ஒருமுறை நான்கையும் குரோனோவில் பார்த்து, வேகத்தையும் கோட்டின் நிலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரக் கணக்கு சேர்ந்தால் எந்த மார்க்கர் எந்த வெயிலுக்கு எப்படி மாறுகிறது என்று தெரிந்துவிடும், அதன்பிறகு "எத்தனை சுற்று" என்பதற்கு உங்கள் நோட்டிலேயே பதில் இருக்கும்.